முன்னங்கால் வந்த நேரம்

பங்குனி இருபதோ இருபத்தொன்றோ.
மாட்டுக்கு நோவு கண்டிருந்ததால்
நான் மட்டும் விழித்திருந்தேன்.
கரண்ட் எட்டு மணிக்கே போயிருந்தது.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
கொட்டகையில் குந்தியிருந்தேன்.

ஒரு துளி விழவில்லை.
இடி மட்டும், வெற்று இடி,
காலி டிரம்மைச் சரிவில் உருட்டிவிட்டாற்போல.
கவுஞ்சிப் பக்கம் ஒன்று, பூண்டிப் பக்கம் ஒன்று,
எண்ணத் தொடங்கி நாற்பதில் விட்டுவிட்டேன்.

அப்புறம் ஒன்று
எதிர்மேட்டில், பைன் காட்டின் மூலையில்
நெட்டுக்குத்தாக இறங்கியது.
ஒரு மரம் உச்சியிலிருந்து அடிவரை
தோலுரித்த மாதிரி வெள்ளையாய் நின்றது.
அடுத்த மின்னலுக்கு அதன் காலடியில்
பீடி நுனி அளவு சிவப்பு.
அதே நேரம் கன்றின் முன்னங்கால் இரண்டும்
வெளியே வந்தன.
எதைப் பார்ப்பேன்?
காலைப் பிடித்து இழுத்தேன்.
திரும்பியபோது மேட்டுக்கு
யாரோ சரிகைக் கரை தைத்திருந்தார்கள்.

ஐந்து நாள்.
காற்று போன பக்கமெல்லாம் அதுவும் போனது.
புல், சருகு, சீகை, யூக்கலி.
யூக்கலி எரியும்போது வெடிக்கும்.
முதல் நாள் சின்னவன் கைதட்டினான்.
பச்சைக் கொப்போடு அடிக்கப்போன ஆண்கள்
புருவமில்லாமல் திரும்பி வந்தார்கள்.
நாங்கள் மருந்தடிக்கும் டேங்கில் தண்ணீர் சுமந்தோம்,
பதினாறு லிட்டர்,
உருளைக்கிழங்கு மருந்தின் வாடை போகாத டேங்க்.

மூன்றாம் நாள் சாயந்திரம்
காட்டுமாடுகள் இறங்கிவந்து
ரேஷன் கடை வாசலில் நின்றன. பதினொன்று.
மூக்கில் கரி ஒழுகியது.
துணிமூட்டைகளோடு நாங்களும் அங்கேதான்.
யாரும் யாரையும் விரட்டவில்லை.
பஸ் வராது என்பது
அவற்றுக்கும் தெரிந்திருந்தது.

பரணில் தொங்கிய பூண்டுக்கு
இந்த வருஷம் தனியாகப் புகை போடவில்லை.
வடுகபட்டி வியாபாரி முகர்ந்து பார்த்து
"நல்ல வாசம்க்கா" என்று
கிலோவுக்குப் பத்து ரூபாய் கூட்டிப் போட்டான்.
எண்ணும்போது கூசியது.
எண்ணினேன்.

அதற்கு முன்னாலேயே, ஆறாம் நாள்,
ஜீப் வந்துவிட்டது.
தீ தானாகவா பிடிக்கும்,
புல் துளிர்க்கட்டும் என்று
மாடு மேய்ப்பவன்தானே வைப்பான்.
நாட்ராயனை நடுவில் உட்கார வைத்திருந்தார்கள்.
அவன் சட்டைப்பையில் இருந்த தீப்பெட்டி
பெஞ்சின் மேல் திறந்து கிடந்தது.
உள்ளே ஏழு குச்சி.
மீதி எங்கே என்றார்கள்.
"அடுப்புக்கு."
எத்தனை அடுப்பு என்றார்கள்.

நான் பார்த்தேன் என்றேன், மின்னல்தான்.
எத்தனை மணிக்கு?
கன்று முன்னங்கால் நீட்டின நேரம்.
எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார்.
முதலில் எவ்வளவு பெரிசாகத் தெரிந்தது?
பீடி என்று வந்துவிட்ட வாயை
அப்படியே மூடி, விழுங்கி,
குங்குமப்பொட்டு அளவு என்றேன்.

மரத்தைக் காட்டுகிறேன் வாருங்கள் என்று
கூட்டிப்போனேன். மரம் இல்லை.
செருப்பைத் தாண்டிச் சூடு ஏறும் சாம்பல்.
பள்ளத்தில் சோலை மட்டும்
ஓரம் கருகி, உள்ளே ஈரமாய்,
பக்கத்து வீட்டுச் சண்டையில் தலையிடாதவள் போல.

ஆள் அடையாளம் தெரியவில்லை
என்று எழுதிக்கொண்டு ஜீப் இறங்கிப் போனது.
இன்னும் தேடுகிறார்களோ என்னவோ.

வைகாசியில் மழை பிடித்துக்கொண்டது.
எரிந்த இடத்தில் புல் வந்திருக்கிறது,
நாட்ராயன் மாட்டை அங்கே விடுவதில்லை.
கன்றுக்கு இன்னும் இருமல்.

ராத்திரி மின்னினால் இப்போதெல்லாம்
அவன் வீட்டைவிட்டு வெளியே வருகிறான்.
கரண்ட் இருந்தால் தெருவிளக்கின் அடியில்,
இல்லாவிட்டால் டார்ச்சைத்
தன் முகத்திலேயே அடித்துக்கொண்டு,
இன்னொரு கையை விரித்துத் தொங்கவிட்டு
நனைந்தபடி நிற்கிறான், கடைசி மின்னல்வரை.

நாங்கள் ஜன்னலைத் திறந்து
பார்த்துவிட்டோம் என்பதற்கு
ஒரு செருமல் செருமிவிட்டு
மூடிக்கொள்கிறோம்.